ஹெக்சேன் வடித்த அறையும் உன் விரல்களும்

தம்பி,

உன் கலியாண மேடையில் பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், அதையும் உன்னைப் பெற்ற நானே என் கையால் போர்த்த வேண்டும் என்று நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் சொன்னாய். நான் வைத்துவிட்டேன். இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்து நீ திரும்பத் திரும்ப எடுத்தாய். இணைப்பு அறவில்லை. என் வாய்க்கு வந்த சொற்கள் கலியாணத்துக்கு நாள் வைத்திருக்கும் வீட்டில் சொல்லத்தக்கவை அல்ல, அவ்வளவுதான். அவற்றில் சொல்லக்கூடியவற்றைப் பொறுக்கி இங்கே எழுதுகிறேன். இதன் பிரதி ஒன்றைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். அதில் உன் பெயரைப் போடமாட்டேன், இதில் வரும் பெண்பிள்ளைகளின் பெயரையும் மாற்றிவிடுவேன். அவர் பெயரையும் போடமாட்டேன். அதை எழுதி என் பேனையை அழுக்காக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தத் திருகோணமலையில் "என்ர பிள்ளை ஆராய்ச்சி செய்யிறான்" என்று பூரித்துப்போய், பிள்ளையை ஏதோ ஒரு மூடிய அறைக்குள் அனுப்பிவிட்டு இருக்கும் தாய்மார் இன்னும் இருப்பார்கள். அவர்கள் வாசிக்கட்டும்.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தே தலை நரைத்தவள் நான். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, முதலில் தங்கள் பட்டங்களையும் பிறகு தங்கள் தேவையையும் சொன்ன எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். பட்டம் எவ்வளவு நீளமோ கொண்டுவந்த பத்திரத்தில் அவ்வளவு ஓட்டை இருக்கும். ஆகவே உட்துறைமுக வீதியில், ஒரு பழைய பண்டகசாலையின் மேல்மாடியில், அந்தப் பேராசிரியர் மூலிகை ஆய்வுநிலையம் திறந்தபோது, பெயர்ப்பலகையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. நிலையத்தின் பெயரைவிட அவர் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் நீளமாக இருந்தன. நீ அப்போதுதான் இரசாயனவியலில் பட்டம் முடித்து வீட்டில் இருந்தாய். "அம்மா, அவர் பெரிய ஆள். அவருக்குக் கீழ வேலை செய்தா எனக்கு ஒரு வழி பிறக்கும்" என்றாய். திறப்பு விழாவுக்கு நானும் வந்தேன். இரும்பு துருப்பிடிப்பது போல மனித உடம்பும் துருப்பிடிக்கிறது, அந்தத் துருவைத் தடுக்கும் ஒட்சியேற்ற எதிரிகள் நம் மண்ணின் மூலிகைகளில் கொட்டிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்தெடுத்து நான் உலகுக்கு வழங்கப்போகிறேன் என்று அவர் பேசினார். 'நான்' என்றுதான் சொன்னார். இலை பறிக்கிறவன், அரைக்கிறவன், வடிக்கிறவன், பாத்திரம் கழுவுகிறவன் எல்லாம் நீயாக இருக்கப்போகிறாய் என்று சொல்லவில்லை. பேச்சு முடிய மூன்று சங்கங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தின. இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்காத மனிதருக்குக் கண்டுபிடித்ததற்கான மரியாதை முன்கூட்டியே கிடைத்துவிட்டது.

சாம்பல்தீவுப் பக்கத்துத் தெருவோரங்களில் ஆவாரை பறித்து வந்து வீட்டு விறாந்தையில் பாய் விரித்து நிழலில் காயவைத்தாய். மஞ்சள் பூவும் இலையும் காய்ந்து கிடந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது உனக்கும் அந்த வேலை உண்மையாகவே பிடித்திருந்தது. குசினிக்குள் வந்து, நான் தேங்காய் துருவத் துருவ, எனக்குப் பாடம் நடத்துவாய். ஒவ்வொரு கரைப்பானும் தனக்கு ஒத்ததை மட்டும்தான் இலையிலிருந்து இழுக்கும் என்பாய். ஹெக்சேனுக்கு எண்ணெய்ப்பசையும் மெழுகும்தான் பிடிக்கும். எதைல் அசற்றேற்று அதற்கு அடுத்தது. மெதனோலும் தண்ணீரும்தான் நமக்கு வேண்டிய நல்ல பொருட்களைக் கொண்டுவரும். ஒரே தூளை ஒன்றன்பின் ஒன்றாக இந்த நான்கிலும் வடித்து, எந்தச் சாற்றுக்கு வீரியம் கூட என்று பார்ப்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. ஒருநாள் ஆய்வுகூடத்துக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். ஊதா நிறக் கரைசல் ஒன்றில் மெதனோல் சாற்றைத் துளி துளியாக விட்டாய். ஊதா வெளுத்து, என் கண்ணுக்கு முன்னாலேயே மஞ்சளானது. வடிவாகத்தான் இருந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது.

"ஹெக்சேனில நல்ல சாமான் ஒண்டும் வராதெண்டு உனக்கு முதலே தெரியுமெண்டா, ஏன் அதிலயும் நாள் முழுக்க வடிக்கிறாய்?"

"ஒப்பிட்டுப் பாக்க வேணும் அம்மா. வரைபில நாலு தூணும் இருக்க வேணும். ஒண்டு குட்டையா இருந்தாத்தான் மற்றதின்ர உயரம் தெரியும் எண்டு சேர் சொன்னவர்."

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், வாசிக்கிற தாய்மாருக்காக. ஹெக்சேன் பெற்றோல் மாதிரி ஒன்று. சூடாக்கினால் உடனே ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்துத் திரும்பவும் கீழே இறக்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் தண்ணீரோ வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வந்தது. மத்தியானத்தில் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போடலாம். ஆவி குளிராமல் மேலால் போய் அறை முழுக்க நிறைந்தது. யன்னலைத் திறக்கக்கூடாது, பேராசிரியர் இறக்குமதி செய்த நிறம் அளக்கும் கருவிக்குக் கடற்காற்றின் உப்பு ஆகாதாம். கருவிக்கு ஆகாது, உனக்கு ஆகும். கெட்ட ஆவியை வெளியே இழுத்துத் தள்ள விசிறி பூட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி மூலையில் இருந்தது. விசிறி பழுதாகி, ஒருவரும் திருத்தவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். ஹெக்சேன் போத்தல் கெதியில் முடிந்துபோனால் "நீ வீணாக்குறாய்" என்று அவர் உன்னைத்தான் ஏசினார். ஆவாரை முடிய வேறு மூலிகை, அது முடிய இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அதே நான்கு கரைப்பான்கள், அதே குட்டைத் தூண். உன் சேர்ட்டுகளைத் தோய்க்கும்போது பெற்றோல் நிலையத்தில் படுத்து எழும்பி வந்தவனின் உடுப்பு மாதிரி மணக்கும்.

முதலில் கோப்பைகள் விழுந்தன. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், அது நிலத்தில் கிடக்கும். பிறகு சேர்ட் பொத்தான் போட நெடுநேரம் எடுத்தது. வேலைக் களைப்பு என்றாய். அந்தப் பங்குனி வெயிலில் ஒருநாள், மூதூர் வள்ளம் புறப்படும் இறங்குதுறைப் பக்கத்திலிருந்து நடந்து வீட்டுக்கு வந்தாய். வலக்காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடக்கால் வெறுங்கால். "மற்றச் செருப்பு எங்க?" என்று கேட்டேன். நீ குனிந்து பார்த்தாய். பார்த்த பிறகுதான் அது இல்லை என்பது உனக்கே தெரிந்தது. தார் உருகிக் கிடந்த வீதியில் அவ்வளவு தூரம் நடந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்பளித்திருந்தது. நான் கொப்பளத்தைத் தொட்டபோது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், "நோகேல்ல அம்மா" என்று. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நொந்து நீ கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நரம்பு வைத்தியர் ஒரு பெண்பிள்ளை, அதிகம் கதைக்காதவர். உன் விரல்நுனிகளிலும் பாதத்திலும் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டார்.

"மூலிகை ஆராய்ச்சி" என்று பெருமையாகச் சொன்னாய்.

"மூலிகை இப்பிடிச் செய்யாது. மூலிகையோட வேற என்ன இருக்கு அங்க?"

நீ நான்கு கரைப்பான்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னாய். அவர் முதல் பெயரிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டார். அதன் ஆவியை மாதக்கணக்காக மூச்சில் இழுத்தால் கையிலும் காலிலும் உள்ள நரம்பு நுனிகள்தான் முதலில் கெடும் என்றார். "இண்டையோட அந்த அறைக்குப் போகக்கூடாது. நிப்பாட்டின பிறகும் கொஞ்சக் காலம் கூடிக்கொண்டுதான் போகும், பயப்பிட வேண்டாம். பிறகு மெல்ல மெல்லத் திரும்பும். முழுசா வருமெண்டு நான் சொல்ல ஏலாது" என்றார்.

அடுத்த நாளே நான் பண்டகசாலைப் படியேறினேன். வரவேண்டாம் என்று நீ கெஞ்சினாய், கேளாமல் போனேன், அதனால் நீயும் பின்னாலேயே வந்தாய். துறைமுகத்தைப் பார்த்த பெரிய யன்னலுக்கு முன்னால் பேராசிரியர் இருந்தார். அவருடைய யன்னல் திறந்துதான் இருந்தது. நல்ல காற்று. கதிரையைக் காட்டி, "வாங்கோ அம்மா, இருங்கோ" என்றார். வைத்தியர் சொன்னதை நான் சொல்லி முடித்ததும், குழந்தைக்குக் கதை சொல்கிற குரலில் தொடங்கினார்.

"அம்மா, நாங்கள் இங்க இயற்கையோட வேலை செய்யிறம். நச்சுத் தொழிற்சாலை இல்லை இது. பொடியன் சாப்பாடு குறைவு. விற்றமின் காணாமப் போனாலும் விரல் விறைக்கும். இந்தக் காலத்துப் பிள்ளையள் பலவீனம்."

"உங்கட அறையில ஆவி இழுக்கிற பெட்டி வேலை செய்யுதோ?"

"ஓம், இருக்கே."

"இருக்கிறது தெரியும். வேலை செய்யுதோ எண்டு கேக்கிறன்."

நானே எழுந்து ஆய்வுகூடத்துக்குள் போய் அந்தப் பெட்டியின் கண்ணாடியை மேலே தூக்கினேன். உள்ளே, மடித்து மடித்து அடுக்கியபடி, அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள். தூசு படாமல் வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லையாம். உன் மூச்சைக் காப்பாற்ற வேண்டிய பெட்டி அவருடைய மரியாதைகளின் அலுமாரியாக இருந்தது. நான் அந்த மனிதரைப் பார்த்தேன். அவருக்கு வெட்கம் வரவில்லை; எரிச்சல்தான் வந்தது. பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்தே வருகின்றன. தன் மேசைக்குத் திரும்பிப் போய் லாச்சியைத் திறந்து, மண்ணிறச் சாறு நிரம்பிய போத்தல் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "எங்கட ஆவாரைச் சாறு. காலமையும் பின்னேரமும் குடுங்கோ. நரம்புக்கு நல்லது" என்றார்.

நான் வாங்கவில்லை. "இதை நீங்கள் குடியுங்கோ சேர். கூச்சம் வர உதவுமோ எண்டு பாப்பம்" என்றேன். அப்போதுதான் நீ வாய் திறந்தாய். அவரிடம் இல்லை, என்னிடம். "அம்மா, சேரோட இப்பிடிக் கதைக்காதேங்கோ" என்றாய். உன் உள்ளங்காலில் துணி சுற்றியிருந்தது; ஒரு காலைத் தூக்கிச் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டு சொன்னாய். இந்த ஊரில் 'சேர்' என்ற சொல்லைச் சோற்றோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். அதை விழுங்கியவனுக்குக் காலில் செருப்பு இல்லை என்பதும் தெரியாது, தொண்டையில் குரல் இல்லை என்பதும் தெரியாது.

சில மாதங்களுக்குப் பிறகு நகர மண்டபத்தில் அவர் முடிவுகளை வெளியிட்டார். நான் கடைசி வரிசையில் போய் இருந்தேன். நீ வரவில்லை; அந்த நாட்களில் உன்னால் படியேற ஏலாது. திரையில் பெரிய வரைபு ஒன்று வந்தது. மெதனோல் தூண் உயரம், தண்ணீர்த் தூண் அதற்கு அடுத்தது, எதைல் அசற்றேற்று நடுத்தரம். ஓரத்தில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஹெக்சேன். கையில் இருந்த சிவப்பு வெளிச்சத்தை அதன் மேல் ஒரு கணம் காட்டி, "ஹெக்சேன் சாற்றின் வீரியம், எதிர்பார்த்தபடியே, மிகக் குறைவு" என்றார். எதிர்பார்த்தபடியே! என் மகனின் பத்து விரல்களையும் தின்ற தூண் அது. அவ்வளவு தின்றும் அது வளரவில்லை. அது வளராது என்று அவருக்கு முதலே தெரியும். சபை கை தட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தமிழன்ர மூளை" என்றார். நான் எழுந்து வெளியே வந்து மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் நடந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொஞ்சம் தேறியதும் அவருடைய சிபாரிசில் கொழும்பில் உனக்கு வேலை கிடைத்தது. போ என்று நான்தான் சொன்னேன். அந்தச் சிபாரிசுக்கு நீ கொடுத்த விலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கையைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லாரிடமும் மோட்டார் சைக்கிளால் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாய். நீ பயந்தாய் என்பது எனக்கு விளங்குகிறது. பயம் எல்லாருக்கும் வரும். ஆனால் அந்தப் பயத்தைத் துடைத்து, நன்றி என்று பெயர் வைத்து, நடுவீட்டில் மாட்டினாயே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நீ விட்டுப்போன கதிரை காலியாக இருக்கவில்லை, தம்பி. தம்பலகாமம் பஸ்ஸில் ஒருநாள் எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து இருந்தது. இருந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். உன் சேர்ட்டில் நான் தோய்த்துத் தோய்த்து மறக்க முடியாத அதே மணம், அவளுடைய துப்பட்டாவில். பெயர் நிரோஷா. வயல்காரக் குடும்பம், அந்த வீட்டில் பட்டம் படித்த முதல் பிள்ளை. "உட்துறைமுக வீதியில மூலிகை வேலையோ பிள்ளை?" என்று கேட்டேன். ஆச்சரியப்பட்டு, "ஓம் அன்ரி, எப்பிடித் தெரியும்?" என்றாள். நான் யார் என்று சொன்னேன். விரல் விறைக்கிறதா என்று கேட்டேன். உடனே கையை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் விறைக்கும்தான். ஆனா நான் உங்கட மகன் அண்ணாட்ட போன் எடுத்துக் கேட்டனான். உங்களுக்கு இங்க வேலை செய்துதான் கை இப்பிடி ஆனதோ எண்டு. அவர் இல்லையெண்டு சொன்னவர். தான் மோட்டச்சைக்கிளால விழுந்தது எண்டவர்."

அதைச் சொல்லும்போது அவள் உன்மேல் கோபப்படவில்லை. உன்னை நம்பினாள், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை நான் இழிவாக நினைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் எழுதுகிற கைக்கு அது பழக்கம்தான். என் பிள்ளையை அப்படி நினைத்தது அந்தப் பஸ்ஸில்தான் முதல்தடவை. பேராசிரியருக்கு ஆவி வந்த அறையில் இருந்து பழக்கமில்லை. உனக்கு இருந்தது. கேட்டவள் ஒரு வழியில் உன் தங்கைச்சி மாதிரி. ஒரு 'ஓம்' சொன்னால் போதும், சொல்லவில்லை.

அவளை அதே வைத்தியரிடம் நானே கூட்டிப்போனேன். தகப்பன் வந்தார், பிள்ளையை மறித்து வீட்டில் வைத்துக்கொண்டார். உன் அளவுக்குப் போகவில்லை, தப்பிவிடுவாள் என்கிறார் வைத்தியர். பிறகு நான் முறைப்பாடு எழுதினேன். எந்தக் கடிதம் எந்த மேசையில் தூங்கும், எந்த மேசையில் எழும்பும் என்பதைத் தவிரக் கச்சேரியில் நான் வேறு என்னத்தைப் படித்தேன்? தொழிலிடப் பாதுகாப்பைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் போய்ப் பார்த்தார். என்ன கண்டீர்கள் என்று கேட்கப் போனேன்.

"பெட்டி நல்லா வேலை செய்யுது அம்மா. நான் போட்டுப் பாத்தனான்" என்றார்.

"இப்ப செய்யும். உங்களுக்கு முன்னால ஓடிப்போய்த் திருத்தியிருப்பினம். முந்தி?"

"முந்திச் செய்யேல்ல எண்டு உள்ளுக்கு வேலை செய்த ஆள் சொல்ல வேணும். அந்தப் பிள்ளை வந்து கொஞ்சக் காலம்தான், அவவுக்குக் காய்ச்சலில வந்த விறைப்பெண்டு சொல்லினம். பழைய ஆள் உங்கட மகன். அவரைக் கேளுங்கோ எண்டு பேராசிரியரே சொன்னவர். அவர் சுகமா இருக்கிறார், கலியாணமும் செய்யப்போறார் எண்டவர். நான் அவருக்கு எடுப்பன்."

இப்போது விளங்குகிறதா, தம்பி? நீ படுத்துக் கிடந்தபோது ஒருநாளும் படியேறி வந்து பார்க்காத மனிதருக்கு உன் கலியாணத்தில் திடீரென்று இவ்வளவு பாசம் எப்படி வந்தது என்று? உனக்குத் தொலைபேசி எடுத்தாராம், மகனே என்றாராம், முதல் வரிசையில் இருப்பாராம். அவர் உன்னை வாழ்த்த வரவில்லை. உன் வாயில் கையை வைத்துக்கொண்டு, படத்துக்குச் சிரித்தபடி நிற்க வருகிறார். அந்தக் கைக்குத்தான் நான் பட்டுத்துணி போர்த்த வேண்டும் என்கிறாய்.

போன கிழமை தர்ஷினி கலியாணக் கூறைச்சேலையின் கரை காட்ட வந்தாள். என் மருமகளாக வரப்போகிறவள் என்பதற்காகச் சொல்லவில்லை. நிமிர்ந்து கதைக்கிற பிள்ளை. சேலையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமி, அவருக்குப் பொத்தான் போட ஏன் அவ்வளவு நேரம் எடுக்குது? விழுந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அப்பிடி இருக்குமோ?"

அவனையே கேள் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். கேட்டாளாம், நீ அதே கதையைத்தான் சொன்னாயாம். அதற்குமேல் எனக்கு மறைக்க ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மடித்த சேலையைத் தன் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்: "விரலுக்காக நான் ஒருத்தரையும் வேண்டாமெண்டு சொல்லமாட்டன் மாமி. ஆனா அந்த விழுந்த கதையை எனக்கு எவ்வளவு வடிவாச் சொன்னவர் தெரியுமோ? கடற்கரை வீதியில குறுக்கால மான் வந்ததாம். மானைக் காப்பாத்தத்தான் வெட்டித் திருப்பினவராம். நான் அதைக் கேட்டுத்தான் ஓம் எண்டனான்."

மான்! இந்த ஊர்த் தெருக்களில் ஆட்கள் போடும் பாண் துண்டுகளைத் தின்றுகொண்டு தன்பாட்டில் திரிகிற மானின் தலையிலா உன் பேராசிரியரின் பழியைக் கட்டினாய்? அதோடு, ஒரு பெண்ணின் மனதையும் அந்த மானைக் காட்டியே வாங்கியிருக்கிறாய். இவ்வளவு கற்பனை உள்ளவனுக்கு அதிகாரியிடம் நான்கு உண்மையான வசனம் சொல்லவா வராது?

இவ்வளவையும் எழுதி, இதன் கீழ் உனக்கு ஒரு நிபந்தனை எழுத இருந்தேன். அந்த மனிதர் மண்டபத்துக்குள் வந்தால் நான் வரமாட்டேன் என்று. பேனையைக் கையில் எடுக்கும்போது வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நிரோஷாவும் தகப்பனும் இறங்கினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இருக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"அன்ரி, அண்ணா காலமை எனக்கு எடுத்தவர். 'நான் ஒரு மோட்டச்சைக்கிளாலயும் விழேல்ல, நிரோஷா. உனக்குப் பொய் சொன்னனான்' எண்டவர். பிறகு ஒண்டும் கதைக்கேல்ல. வைச்சிட்டாரோ எண்டு நான் ஹலோ ஹலோ எண்டனான். அழுறார் எண்டு பிறகுதான் விளங்கினது. பெட்டி ஒருநாளும் வேலை செய்யேல்ல, யன்னல் திறக்க விடேல்ல எண்டு அந்த அதிகாரியிட்டயும் சொல்லிப்போட்டாராம். எழுத்திலயும் குடுப்பாராம்."

தகப்பன் பின்னால் நின்று தலையை ஆட்டினார். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போய் அடுப்பை மூட்டினேன்.

எனக்கு நீ எடுக்கவில்லை. தர்ஷினி என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய், எனக்குத் தெரியாது; தெரிய வேண்டியதும் இல்லை. முதலில் அந்தப் பிள்ளைக்கு எடுத்தாயே, அதுதான் சரியான வரிசை. மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் வெட்டவில்லை. அவை எல்லாம் நடந்தவை, பத்திரிகைக்கும் போகும். உன்னைப் பற்றி எழுதியதைக் கொஞ்சக் காலத்துக்கு நீ சுமக்கத்தான் வேண்டும். பேராசிரியரைப் பற்றிய என் அபிப்பிராயமும் ஒரு நூல் மாறவில்லை. மண்டபத்துக்கு வந்தால் வரட்டும். இந்தக் கடிதம் வெளியான பிறகும் வந்து முதல் வரிசையில் இருக்கும் அளவுக்கு அவர் தோல் தடிப்பு என்றால், அதையும் ஊர் பார்க்கட்டும். போர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது.

தாலிக்கொடியைப் பின்கழுத்தில் பூட்டும் சுரை சின்னத் திருகு. சுகமான விரல் உள்ளவர்களே அந்த நேரத்தில் தடுமாறுவார்கள். உன்னால் சரியாகப் பூட்ட ஏலாமல் போனால், கொழுந்தி முறைப் பிள்ளைகள் ஓடிவந்து உதவப் பார்ப்பார்கள். குருக்கள் நேரம் போகிறது என்பார். ஒருவரையும் விடாதே. நீயே பூட்டு. தர்ஷினி குனிந்தபடி இருப்பாள், எழும்பி ஓடமாட்டாள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும். நான் மேளகாரருக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். நீ பூட்டி முடிக்கும் வரைக்கும் கெட்டிமேளம் நிற்காது.

அம்மா